'ரோடு' என்று ஒரு ஊர்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும், தலைப்பு 'எங்கள் ஊர்' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் நான்தான். எங்கள் ஊர் கலவை. எழுத விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை என்ற தைரியம்! காஞ்சி மடத்தின் 68-ஆவது பீடாதிபதி 1907-ஆம் ஆண்டு துறவறம் ஏற்றது எங்கள் ஊரில்தான். கோயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. இன்று தாலுகா தலைநகரமும் கூட. ரெண்டு பக்கம் என்ன, நாலு பக்கம் எழுதலாம்.

அப்போது பக்கத்து பெஞ்ச் நண்பன் ஒருவன் சொன்னான். அவன் வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வருகிறவன். "உங்க ஊருக்கு சாமியாரு, கோயிலு எல்லாம் கீது மச்சான். எங்க ஊருக்கு இன்னா கீது? வாலாஜான்னா அது தள்ளி அந்தாண்ட கீது. நாங்க வெறும் ரோடு!"

கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் இந்த ஜோக்கை எங்க ஆயாவிடம் சொன்னேன். ஆயா சிரிக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ரோட்டுலதான்டா உங்க அப்பன் பொறந்தான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷமாக என் சர்டிபிகேட் எல்லாவற்றிலும் சொந்த ஊர் கலவை. அப்பாவின் பள்ளிக்கூடத்து ரிகார்டிலும் கலவை. வீட்டில் ஒருத்தரும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. ஆகவே நண்பர்களே, கலவையைப் பற்றி எழுத உட்கார்ந்த நான், கலவையை ஓரமாக வைத்துவிட்டு அந்த 'வெறும் ரோடு' பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் வரலாறு. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது. இது எல்லோருக்கும் தெரியும், பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்திருப்போம். அடுத்தது 1854-இல் கல்கத்தா பக்கம், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு. மூன்றாவது நம்ம தெற்கே. 1856 ஜூன் 28 அன்று சென்னை ராயபுரம் ஸ்டேஷனைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கு ரயில் ஓடியது. எங்கிருந்து எங்கே? ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடு வரை! ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற இடம் அது. அப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது. அது 1873-இல் வந்தது. இன்றைய எழும்பூர் ஸ்டேஷன் கட்டிடம் 1908-இல் வந்தது. சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் மூத்த ஸ்டேஷனைத்தான் நாம் 'வெறும் ரோடு' என்று சிரித்தோம்.

சரி, ரயில் ஏன் அங்கே வந்து நின்றது? அன்றைய குறிப்புகளில் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் வாலாஜா ரோடு இல்லை, ஆற்காடு. ஆற்காடு எங்கே இருக்கிறது? பாலாற்றுக்குத் தெற்கே. ரயில் பாதை எங்கே போகிறது? பாலாற்றுக்கு வடக்கே. கலவையிலிருந்து பஸ் ஏறி, ஆற்காட்டில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, ராணிப்பேட்டை முத்துக்கடை வந்து தினம் மாறுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பாலாற்றின் அகலம் நமக்குத் தெரியும். தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, பாலம் கட்டினால் முழு அகலத்துக்கும்தான் கட்டவேண்டும்! ஆகவே ஆற்காட்டுக்குப் போகாமலே 'ஆற்காடு' என்று பலகை போட்டு வண்டியை நிறுத்திவிட்டார்கள். பிறகு பெயர் வாலாஜா ரோடு ஆனது. வாலாஜாவும் ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

அதாவது அந்த இடத்துக்கு இரண்டு தடவை பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் இரவல் பெயர்!

வாலாஜா என்பதே ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர். ராணிப்பேட்டை ஒரு ராணியின் பெயர். செஞ்சி தேசிங்கு ராஜாவின் மனைவி நினைவாக என்று சொல்வார்கள். நவாபுக்கு ஒரு ஊர், ராணிக்கு ஒரு ஊர். ரயில் வந்து நின்ற ஊருக்கு மட்டும் 'ரோடு'.

இந்த 'ரோடு' வியாதி நம் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. காட்பாடி - விழுப்புரம் பாதையில் ஆரணி ரோடு என்று ஒரு ஸ்டேஷன். அது இருப்பது களம்பூரில். மதுரை போகும் வழியில் கொடைக்கானல் ரோடு. அது இருப்பது அம்மையநாயக்கனூரில். 'ரோடு' என்று போடாவிட்டாலும் கதை ஒன்றுதான். சோளிங்கர் ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில். இறங்கி நின்று "சோளிங்கர் கோயில் எங்கே?" என்று கேட்டவர்கள் அனுபவித்திருப்பார்கள்.

ஒரு ரயில்வே ஊர் எப்படிப் பிறக்கிறது? சிவில் படிக்கிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், பரீட்சைக்கும் உதவும்.

முதலில் சர்வே. லைன் எங்கே போகவேண்டும் என்பதை ஊர் முடிவு செய்வதில்லை, மேடும் பள்ளமும் ஆறும் முடிவு செய்கின்றன. ஸ்டேஷன் யார்டில் சரிவு 400-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது என்று நாம் படிக்கிறோம். சரிவு கூடினால் நிறுத்தி வைத்த பெட்டி தானாக உருண்டுவிடும். ஆகவே ஸ்டேஷனுக்கு மட்டமான தரை வேண்டும். இரண்டாவது, தண்ணீர். நீராவி என்ஜின் கரியை மட்டும் தின்று ஓடாது, வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டே போகவேண்டும். ஆகவே கிணறு, தண்ணீர்த் தொட்டி. மட்டமான தரையும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் ஒரு கட்டிடம், ஒரு மணி, ஒரு பலகை. இது கம்பெனியின் வேலை.

அந்தக் கம்பெனி மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. பங்குதாரர்கள் லண்டனில். போட்ட பணத்துக்கு அரசாங்கமே வட்டிக்கு உத்தரவாதம் தந்தது. நிலமும் இலவசம். லாபம் வந்தால் கம்பெனிக்கு, நஷ்டம் வந்தால் நம்ம ஜனங்களின் வரிப்பணத்துக்கு! 1908-இல் இந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து 'மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா' ஆனது. விடுதலைக்குப் பிறகு 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே பிறந்தது. இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது.

கம்பெனி கட்டியது ஸ்டேஷனைத்தான். ஊரைக் கட்டியது யார்?

தண்டவாளத்தைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட முடியாது. ஜல்லி இறங்கும், போல்ட் தளரும், மழையில் மண் அரிக்கும். அதைப் பார்க்க கேங்மேன் வேண்டும். தோளில் சுத்தியல், ஸ்பேனரோடு தன் எல்லையைத் தினமும் நடந்தே பார்க்க கீமேன் வேண்டும். கேட்டை மூடித் திறக்க ஒருவர், பாயிண்ட் மாற்ற ஒருவர், மூட்டை தூக்கப் பத்துப் பேர். இவர்களுக்குக் குடும்பம் உண்டு. குடும்பம் வந்தால் அடுப்பு வரும், கிணற்றடியில் சண்டை வரும், குழந்தை வரும். இறங்குகிறவர்களை டவுனுக்குக் கொண்டுபோக ஜட்கா வண்டிக்காரர் வந்தார். குதிரைக்குப் புல் விற்க ஒரு கிழவி வந்தாள். ராத்திரி வண்டிக்குக் காத்திருப்பவர்களுக்கு இட்லி கடை வந்தது. கடைசியாக மரத்தடியில் ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், ஊர் ரெடி!

நம் பக்கத்தில் பெரும்பாலான ஊர்களுக்குத் தல புராணம் உண்டு. ராஜா வேட்டைக்கு வந்தான், பசு பால் சொரிந்தது, லிங்கம் கிடைத்தது என்று ஆரம்பிக்கும். ரயில்வே ஊரின் புராணத்தில் ராஜாவும் இல்லை, பசுவும் இல்லை. கடப்பாரைதான் இருக்கிறது. வேலை செய்ய வந்தவர்கள் போகாமல் தங்கினார்கள், அதனால் ஊர் உண்டானது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்படிப் பிறந்த ஊர்கள் சிறிதாகவே இருந்துவிடும் என்று எண்ணவேண்டாம். ஜோலார்பேட்டையைப் பாருங்கள். 1864-இல் அங்கிருந்து பெங்களூருக்கு லைன் பிரிந்தது. அந்தப் பிரிவுதான் ஜோலார்பேட்டையை ஊர் ஊராக அறிய வைத்தது. இன்று அது நகராட்சி. கடல் தாண்டிப் போனால் கென்யாவின் தலைநகரம் நைரோபி. 1899-இல் உகாண்டா ரயில்வேக்காரர்கள் சாமான் இறக்கி வைக்கப் போட்ட முகாம்தான் பிறகு தலைநகரம் ஆனது. அந்த லைனைப் போட இந்தியாவிலிருந்து 30,000 பேருக்கு மேல் கூலிகளாகப் போனார்கள். சுமார் 2,500 பேர் திரும்பவே இல்லை, அங்கேயே மடிந்தார்கள்.

ரயில் ஊரை உண்டாக்குவது மட்டுமில்லை, அமுக்கவும் செய்யும். ரயில் வருவதற்கு முன் வாலாஜாப்பேட்டை பெரிய வாணிப ஊர். கணவாய்க்கு மேலே இருந்து வரும் சரக்குக்கும் சென்னைக்கும் நடுவில் மாட்டு வண்டிகள் தங்கிப் போகும் இடம். ரயில் வந்ததும் சரக்கு வண்டி மாடு அவிழ்க்காமல் நேரே போக ஆரம்பித்தது. மறுபக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலுக்கு ரயில் கை கொடுத்தது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குப் போயிற்று. பெரியமேடு இருப்பதே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். எங்க அப்பா இன்று ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். நம் காலேஜில் பாதிப் பேர் வீட்டில் தோல் ஷாப்போ, ஷூ கம்பெனியோதான் சோறு போடுகிறது. அந்தச் சோற்றுக்கும் இந்தத் தண்டவாளத்துக்கும் உறவு இருக்கிறது.

இனி ஆயா சொன்ன கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளில் இந்த லைனுக்கு மின்சாரம் வந்தது. தண்டவாளம் நெடுக கரண்ட் கம்பம் நட்டார்கள். அப்போது ஊரில் மழை இல்லை, கழனி வேலை இல்லை. ஒரு காண்ட்ராக்டர் கலவை பக்கத்திலிருந்து புருஷன் பெண்டாட்டியாக ஜோடி ஜோடியாக ஆள் சேர்த்து லாரியில் ஏற்றிப் போனாராம். எங்க தாத்தா கம்பத்துக்குக் குழி வெட்டினார். ஆயா தலையில் சும்மாடு வைத்து ஜல்லி சுமந்தாள்.

"ஸ்டேஷன் அந்தாண்ட ஓலைக் கொட்டாய் போட்டுக்கினு இருந்தோம். ஆந்திரா ஆளுங்க, சேலத்து ஆளுங்க, எல்லா ஜாதியும் ஒண்ணா கெடந்தோம். உங்க அப்பன் வவுத்துல இருக்கிறப்போ எட்டாம் மாசம் வரைக்கும் ஜல்லி சொமந்தேன். கேங்மேன் ஒருத்தர் பொண்டாட்டிதான் வந்து புள்ள எடுத்தாங்க. அந்த நேரம் ஒரு வண்டி கூவிக்கினு போச்சி, நான் கத்துனது யாருக்கும் கேக்கல" என்றாள் ஆயா.

கம்பம் நட்டு முடிந்ததும் காண்ட்ராக்டர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். தாத்தாவும் ஆயாவும் மட்டும் மூன்று வருஷம் அங்கேயே இருந்தார்கள். தாத்தா மூட்டை தூக்கினார், ஆயா பயணிகளுக்கு வேர்க்கடலை விற்றாள். பிறகு தாத்தாவின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போகவே கலவைக்குத் திரும்பினார்கள். அவர்களோடு வந்தவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். யார் கண்டது, என்னோடு படிக்கிற அந்த நண்பனின் தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே குழியை வெட்டியிருக்கலாம்!

"அந்த ஊருக்கு அப்ப என்ன பேரு ஆயா?" என்று கேட்டேன்.

"பேரு இன்னா பேரு. ஸ்டேஷன்னுவோம்."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். வரலாறு தேடித்தான் போனேன். என்ன இருந்தது? கூட்டம், டீக்கடை, ஆட்டோ, நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ். பிளாட்பாரத்துக் கடைசி வரை நடந்தேன். ஒவ்வொரு கரண்ட் கம்பத்திலும் ஒரு நம்பர் எழுதியிருக்கிறது. எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனையாவது கம்பம் என்று பார்த்த உடனே தெரியும். நல்ல ஏற்பாடு, ரிப்பேர் வந்தால் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இது எங்க தாத்தா வெட்டிய குழியா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. கம்பத்துக்கு நம்பர் இருக்கிறது. குழி வெட்டியவருக்கு மஸ்டர் ரோலில் கைநாட்டு மட்டும் இருந்திருக்கும். அந்த மஸ்டர் ரோலை யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

1856-இலும் இதே கதைதான். ஹாரிஸ் பிரபுவின் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் மண் கொட்டியவர்கள் பெயர் எங்கே? புல்டோசர் இல்லாத காலம். மண்வெட்டியும் கூடையும் மனிதத் தலையும்தான் எந்திரம்.

இதைக் கேட்ட ஒரு சீனியர் என்னிடம் வாதாடினார். "பேரை வச்சிக்கினு இன்னாடா செய்யப் போற? பயணிக்கு எங்க இறங்கணும்னு தெரியணும், அதுக்குத்தான் போர்டு. களம்பூர்னு போட்டா ஆரணிக்குப் போறவன் எப்படி இறங்குவான்? அதுக்குப் பதிலா இன்னும் ரெண்டு ரயில் நிக்கணும்னு எழுது, உபயோகமா இருக்கும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுக்கவில்லை. பலகை வழிப்போக்கனுக்குத்தான். ஆனால் பலகைக்குக் கீழே குடியிருக்கிறவனும் மனிதன்தானே? பெரிய எழுத்தில் ஆரணி ரோடு என்று இருக்கட்டும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் களம்பூர் என்று இருந்தால் ரயில் தடம் புரண்டுவிடுமா? இன்னும் ரெண்டு ரயில் நிற்க மனு எழுதினாலும், "இப்படிக்கு இன்ன ஊர் மக்கள்" என்று அடியில் போட ஒரு பெயர் வேண்டாமா? கேட்பதற்கே ஒரு பெயர் வேண்டும் ஐயா!

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது, நண்பர்களே. திண்டிவனம் - நகரி புதிய ரயில் பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் வந்த திட்டம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா ரோடு வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அறிவித்தபோது நம்மில் பலர் பிறக்கவே இல்லை. நாம் பிறந்து, வளர்ந்து, டிப்ளமோவும் சேர்ந்தாகிவிட்டது, ஆரணிக்காரர்களும் செய்யாறுக்காரர்களும் இன்னும் அந்த ரயிலில் ஏறவில்லை. என்றைக்காவது அது வரத்தான் போகிறது. 1907-இல் மடத்துக்கு வந்த அந்தச் சிறுவரே காஞ்சிபுரம் வரைதான் ரயிலில் வந்தார், அங்கிருந்து கலவைக்கு வண்டிதான். அன்று முதல் இன்று வரை எங்கள் ஊர் தண்டவாளத்தைப் பார்த்ததில்லை.

நாளைக்கே பக்கத்தில் எங்காவது ஒரு கழனிக்காட்டில் 'கலவை ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் வந்தால்? கலவைக்காரன் என்ற முறையில் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் லட்டு கூடக் கொடுப்போம். ஆனால் அந்தக் கழனிக்காட்டுக்கு ஒரு பெயர் இருக்குமே? நிலம் கொடுத்தவர்களுக்கு ஒரு ஊர் இருக்குமே? அப்போது எங்கள் ஊரும் இன்னொருவர் பலகையைப் பிடுங்கிக்கொண்ட ஊர் ஆகிவிடும். இவ்வளவு எழுதிய பிறகு அதற்கு நான் கை தட்ட முடியாது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். புது லைனில் எந்த ஸ்டேஷன் வந்தாலும், நிலம் கொடுத்த கிராமத்தின் பெயர் பலகையில் இருக்கவேண்டும். எங்கள் ஊர்ப் பெயரைப் பக்கத்தில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். இது என் கருத்து.

இன்னொரு கருத்தும் உண்டு. இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. அந்த லைனில் மண் வேலைக்கு ஆள் சேரும்போது, சைட்டில் நின்று மஸ்டர் ரோல் எழுதப் போகிறவர்கள் யார்? நாம்தான், டிப்ளமோ சிவில். என்ஜினியர் காரில் வந்து போவார். ஆளை எண்ணுகிறவர் நாம். 'ஆண் 12, பெண் 9' என்று எழுதி முடித்துவிடலாம், கணக்கு சரியாகத்தான் இருக்கும். அப்படி எழுதாதீர்கள். முழுப் பெயரை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள். கைநாட்டு வைக்கிற அம்மாவிடம் பெயரை இரண்டு தரம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் தங்கிவிட்டால் அங்கே ஒரு ஊர் பிறக்கப் போகிறது. அந்த ஊரின் முதல் வரலாற்று ஆவணம் நம் கையெழுத்தில் இருக்கும். அரியர் வைத்துப் பாஸ் செய்தாலும் பரவாயில்லை, இதில் அரியர் வைக்காதீர்கள்!

2021 டிசம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வெள்ளத்தில் திருவலம் - முகுந்தராயபுரம் இடையே பொன்னை ஆற்று ரயில் பாலம் பலவீனமாகி எத்தனையோ ரயில்கள் ரத்தாயின. அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது, பாலத்துக்குக் கீழேயும் ஆட்கள் இறங்கி வேலை செய்கிறார்கள் என்று. ரயில் ஓடும் வரை யாரும் அவர்களை நினைப்பதில்லை. நின்றால்தான் நினைக்கிறோம்.

கடைசியாக, இந்தக் கட்டுரை அச்சில் வந்த கதை. எழுதி முடித்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவன் நான். அப்பா என் எழுத்தை எப்போதும் கேட்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். இந்தத் தடவை முகம் மாறிவிட்டது. "இதெல்லாம் எதுக்குடா எழுதற? நாலு பேர் படிக்கிற புஸ்தகத்துல, எங்க அப்பன் கொட்டாய்ல பொறந்தான்னு போடணுமா? நாளைக்கு வேலைக்குப் போற பையன்" என்றார்.

நான் பதில் பேசவில்லை. ஆயாதான் உள்ளே இருந்து, "ஏன், நான் திருடினா பெத்தேன்?" என்று கேட்டாள்.

அப்பா ரொம்ப நேரம் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தாளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்குப் பயம். வேண்டாம் என்றால் கலவையைப் பற்றியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். சாப்பிட உட்காரும்போது அவராகவே தாளை நீட்டினார். "குடு. ஆனா கொட்டாய்னு எழுதாத. வீடுன்னு எழுது. மூணு வருஷம் இருந்தா அது வீடுதான்" என்றார்.

அப்பா சொன்னது சரி. ஆகவே திருத்தி எழுதுகிறேன்: எங்க அப்பா பிறந்தது வாலாஜா ரோடு ஸ்டேஷன் பக்கத்தில், எங்க தாத்தாவும் ஆயாவும் கட்டிய வீட்டில்.

நண்பர்களே, இந்த லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுத் தாத்தாவை, ஆயாவை உட்காரவைத்துக் கேளுங்கள். "நாம எப்படி இந்த ஊருக்கு வந்தோம்? யார் கூட்டிக்கினு வந்தாங்க? என்ன வேலைக்கு?" என்று கேளுங்கள். லேப் நோட்டின் பின்பக்கத்திலாவது எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ஆண்டு மலரில் அவையெல்லாம் வரட்டும்.

என்னோடு படிக்கிற வாலாஜா ரோட்டு நண்பனுக்கு ஒரு வார்த்தை. மச்சான், இனிமேல் யாராவது ஊர் எது என்று கேட்டால் 'வெறும் ரோடு' என்று சொல்லாதே. "தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற ஊர்" என்று சொல். நானும் பாதி அந்த ஊர்க்காரன்தான்.